சைவ வீட்டில் நாடாப்புழு

டாக்டர் சொன்னதும் நான் சிரித்துவிட்டேன். வேறென்ன செய்ய? என் மனைவி பிறந்ததிலிருந்து முட்டைகூடத் தொட்டதில்லை. கேக் வாங்கினால் உறையில் அச்சிட்டிருப்பதை மூன்று முறை படித்துவிட்டுத்தான் வாயில் வைப்பாள். அவள் மூளைக்குள் பன்றி நாடாப்புழு இருக்கிறது என்றால் யாருக்குத்தான் சிரிப்பு வராது?

"டாக்டர், நீங்க வேற யாரோட படத்தையோ பாக்குறீங்க. பேரைச் சரியாப் பாருங்க" என்றேன்.

டாக்டர் ஒரு சீனப் பெண்மணி. என்னைப் போன்ற கத்தும் கணவர்களைத் தினமும் பார்த்துப் பழகியவர் போலிருந்தது. பேரைப் பார்க்கவில்லை. திரையை எங்கள் பக்கம் திருப்பினார். சாம்பல் நிறத்தில் மூளை. அதன் இடதுபக்கத்தில் பட்டாணி அளவுக்கு ஒரு கறுப்பு வட்டம். வட்டத்துக்குள் ஒரு வெள்ளைப் புள்ளி. அந்தப் புள்ளிதான் புழுவின் தலையாம். அதைச் சுற்றி வீங்கியிருப்பதால்தான் வலிப்பு வந்ததாம்.

என் மனைவி அந்தப் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "நான் மறுபடி பஸ் ஓட்டலாமா, டாக்டர்?"

இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். என் மனைவி பஸ் கேப்டன்; இங்கே பஸ் ஓட்டுநரை அப்படித்தான் சொல்வார்கள். நாற்பது வயதுக்கு மேல் அந்த வேலைக்குப் போனவள். இரண்டு முறை தேர்வில் தோற்று மூன்றாவது முறை உரிமம் வாங்கினாள். இரட்டை மாடி பஸ்ஸை புக்கிட் பாஞ்சாங் பஸ் நிலையத்து இன்டர்சேஞ்ச் வளைவில் ஒரே திருப்பில் திருப்புவாள். நான் இருபது வருஷமாக லிஃப்ட் மராமத்து பார்க்கிறவன். என் வேலையைப் பற்றி வீட்டில் ஒரு நாளும் சந்தோஷமாகப் பேசியதில்லை. அவளோ சாப்பாட்டு மேசையில் தட்டையே ஸ்டியரிங்காகப் பிடித்துக் காட்டுவாள். அந்த இருக்கையில் உட்கார்ந்தால் தனக்குக் காலும் வலிக்காது, கவலையும் தெரியாது என்பாள். அப்படிப்பட்டவளுக்கு ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், ஓடும் பஸ்ஸில் வலது கை தானாகத் துள்ள ஆரம்பித்தது. இடது கையாலேயே ஸ்டியரிங்கை வளைத்து, பஸ்ஸை நிறுத்தத்தில் ஓரம் கட்டி, பிரேக்கைப் போட்டு, கதவையும் திறந்துவிட்டிருக்கிறாள். அதற்குப் பிறகுதான் விழுந்தாள். பயணிகள் ஒருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. பஸ்ஸில் இருந்த ஒரு தமிழ்ப் பெரியவர் ஓடிவந்து அவள் கையில் தன் வீட்டுச் சாவிக்கொத்தைத் திணித்திருக்கிறார், இரும்பைக் கொடுத்தால் வலிப்பு நிற்கும் என்று. அந்தச் சாவிக்கொத்து ஆஸ்பத்திரி வரைக்கும் வந்துவிட்டது. அவர் வீட்டுக்குள் எப்படிப் போனாரோ!

டாக்டர் அவளுக்கு 'இல்லை' என்று சொல்லவில்லை. அதுதான் வினை. 'பார்ப்போம்' என்றார். புழுவைக் கொல்ல மருந்து, வீக்கம் குறைய மருந்து, வலிப்பு வராமலிருக்க மருந்து. எல்லாம் முடிந்து, திரும்பத் திரும்ப ஸ்கேன் எடுத்து, புதிதாக எதுவும் முளைக்காமல், நெடுநாள் வலிப்பே வராமல் இருந்தால் அப்போது பேசலாம் என்றார். அவள் அந்த 'பேசலாம்' என்ற வார்த்தையை மட்டும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"ஆனா இது எங்கேர்ந்து வந்துச்சுன்னு கண்டுபிடிக்கணும். கண்டுபிடிக்கலன்னா மறுபடியும் வரலாம்" என்றார் டாக்டர்.

பிறகு ஆங்கிலத்தில் விளக்கினார். எனக்குப் புரியவில்லை என்று நினைத்து, பக்கத்திலிருந்த தமிழ் நர்ஸை அழைத்துத் தமிழிலும் சொல்லச் சொன்னார். நர்ஸுக்கு என் மகளைவிடக் கொஞ்சம்தான் வயது கூட இருக்கும்.

"அங்கிள், சரியா வேகாத பன்னி இறைச்சியை ஒருத்தர் சாப்பிட்டா, புழு அவர் குடல்ல வளரும். அவருக்கு ஒண்ணுமே தெரியாது. நல்லாத்தான் இருப்பாரு. ஆனா அவர் டாய்லெட் போறப்ப முட்டை வெளிய வரும். கையைச் சரியாக் கழுவாம அவர் எதையாச்சும் தொட்டு, அதை இன்னொருத்தர் சாப்பிட்டா, அவங்களுக்கு மூளைக்குப் போயிடும். இறைச்சி சாப்பிட்டது ஒருத்தர், வலிப்பு வர்றது வேற ஒருத்தர். ஆன்ட்டி சைவமா இருக்கிறதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

"சமைச்சா செத்துடாதா?" என்று கேட்டேன்.

"செத்துடும். சமைச்சதுக்கு அப்புறம் கை பட்டா?"

இவ்வளவு தெளிவாகச் சொன்னார்கள். குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னார்கள். எனக்கு அப்போது என்ன தோன்றியது தெரியுமா? சட்னி! சமைக்காத, அரைத்த சட்னி. என் மனைவி வாரத்தில் இரண்டு நாள் சிராங்கூன் ரோட்டுப் பக்கம் ஒரு சைவ உணவகத்தில் சாப்பிடுவாள். அங்கேதான் எவனோ கையைக் கழுவாமல் சட்னி அரைத்திருக்கிறான். அந்த நிமிடமே தீர்ப்பு எழுதிவிட்டேன்.

வீட்டுக்கு வந்தால் அங்கே இன்னொரு தலைவலி. என் மனைவியின் அக்கா உட்லண்ட்ஸிலிருந்து வந்து காத்திருந்தார். காலையிலேயே எல்லைப் பாலத்தைத் தாண்டி ஜொகூரில் ஒரு கோயிலுக்குப் போய் மந்திரித்த கயிறு வாங்கி வந்திருந்தார். விஷயத்தைக் கேட்டதும் காதைப் பொத்திக்கொண்டார்.

"தம்பி, யார்கிட்டயும் புழுன்னு சொல்லிடாதீங்க. அதுவும் பன்னிப் புழுன்னு! நம்ம குடும்பத்துல நாலு தலைமுறையா யாரும் மாமிசம் தொட்டதில்ல. சனம் என்ன பேசும்?"

"வேற என்னன்னு சொல்றது?"

"கட்டின்னு சொல்லுங்க."

நான் தலையில் அடித்துக்கொண்டேன். மருந்தில் குணமாகக்கூடிய ஒரு புழு கேவலமாம், மூளையில் கட்டி என்றால் கௌரவமாம்! ஆனால் அக்கா சொன்னதுதான் நடந்தது. மறுநாளே கோயிலில், எங்கள் அடுக்குமாடி புளோக் கீழ்த்தளத்தில், உறவுக்காரர்கள் வாட்ஸ்அப்பில் எல்லாம் கட்டி என்ற செய்தி பரவிவிட்டது. ஆட்கள் பழக்கூடையோடு வந்தார்கள். என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். ஒரு தூரத்து மாமா "எத்தனை நாள் குடுத்திருக்காங்க?" என்று என் காதில் கேட்டார். ஆத்திரத்தில் எனக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது, "மாமா, அது கட்டி இல்லை, புழு" என்று. அக்கா சமையலறை வாசலில் நின்று என்னையே பார்த்தார். நான் வாயை மூடிக்கொண்டேன். மாமா கொண்டுவந்த திராட்சையையும் வாங்கி வைத்துக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் ஒன்பது டப்பா கொடுத்திருந்தார்கள். விரல் உயர மூடி டப்பா, மூடியிலேயே ஒரு சின்னக் கரண்டி. வீட்டில் மூன்று பேர். ஆளுக்கு மூன்று நாள் மலம் எடுத்துக் கொடுக்க வேண்டும். முட்டை எல்லா நாளும் வெளியே வராதாம், அதனால் மூன்று. என் மகள் பாலிடெக்னிக் மாணவி. முகத்தைச் சுளித்துக்கொண்டே முதல் வாரத்திலேயே மூன்றையும் கொடுத்து முடித்துவிட்டாள். என் மனைவியும் கொடுத்துவிட்டாள். இருவருக்கும் ஒன்றும் இல்லை என்று வந்தது.

என் டப்பா மூன்றும் குளியலறை ஜன்னலில் வரிசையாக நின்றன.

"அப்பா, இன்னிக்காச்சும் குடுங்க லா" என்பாள் மகள் தினமும்.

"நான் ஆறு மணிக்கே வேலைக்குக் கிளம்புறவன். டப்பாவைத் தூக்கிக்கிட்டு எம்ஆர்டி ரயில்ல போகச் சொல்றியா?"

"சனிக்கிழமை லீவுதானே?"

"எனக்கென்ன வந்துச்சு? கல்லு மாதிரி இருக்கேன். சட்னி அரைக்கிறவனைப் போய்க் கேளுங்க."

இப்போது எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. அப்போது வெறும் எரிச்சல்தான். டப்பாக்களில் எழுதிய என் பெயரைக் குளிக்கும்போதெல்லாம் பார்க்க வேண்டியிருந்த எரிச்சல். அந்த எரிச்சலோடு புரட்டாசி மாதத்து ஒரு சனிக்கிழமை மதியம் அந்தச் சைவ உணவகத்துக்குப் போனேன். புரட்டாசிச் சனிக்கிழமை என்றால் சிராங்கூன் ரோட்டுத் தேக்கா பக்கம் எப்படி இருக்கும் என்று தெரியுமல்லவா? வருஷம் முழுக்கக் கோழி தின்பவர்கள்கூட அன்று நெற்றியில் நாமத்தோடு இலைக்குக் காத்து நிற்பார்கள். வாசல் வரைக்கும் வரிசை. நான் வரிசையை விலக்கிக்கொண்டு நேராக மேலாளரிடம் போய்க் கத்தினேன்.

"உங்க சமையக்காரனுக்கு வயித்துல புழு இருக்கு. என் பொண்டாட்டி மூளைக்கு ஏத்திவிட்டான்."

இலை போட்டு உட்கார்ந்திருந்தவர்கள் கையை அந்தரத்தில் நிறுத்திவிட்டார்கள். ஒரு அம்மாள் பேத்தியின் தட்டைத் தள்ளி வைத்தார். மேலாளருக்கு என் வயதுதான் இருக்கும். கும்பகோணத்துப் பக்கப் பேச்சு. முகம் சிவந்தாலும் குரலை உயர்த்தவில்லை.

"சார், உள்ள வாங்க. உக்காந்து பேசலாம்."

"உள்ள வந்து என்ன செய்யறது? உன் கிச்சன்ல எவனாச்சும் சோப்பு போட்டுக் கை கழுவுறானா? அதைச் சொல்லு முதல்ல."

"கழுவுறாங்க சார். நானே நின்னு பாக்குறேன். உங்க வீட்டம்மாவை எனக்குத் தெரியும், பஸ் ஓட்டுறவங்கதானே? அவங்களுக்கு இப்படின்னா எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. எங்க ஆளுங்களை நான் டெஸ்ட்டுக்கு அனுப்புறேன். நீங்களும் வீட்ல ஒருதடவை பாத்துடுங்க."

"என் வீட்டைப் பத்திப் பேசாதே" என்றேன். பேசிவிட்டுத் திரும்பும்போது வரிசையில் நின்ற பாதிப் பேர் பக்கத்துக் கடைக்கு நகர்ந்துகொண்டிருந்தார்கள். எனக்கு அப்போது ஒரு திருப்தி வந்தது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

வீட்டில் சமையல் அப்போது என் கையில் வந்திருந்தது. மாத்திரை அவளுக்குத் தலைசுற்றலைக் கொடுத்தது. வீக்கத்துக்கான மருந்தால் முகம் உப்பி, பசி ராட்சசப் பசியாகிவிட்டது. பஸ் கம்பெனி அவளை இன்டர்சேஞ்ச் அலுவலகத்தில் நேர அட்டவணை பார்க்கும் மேசையில் உட்கார வைத்திருந்தது. யார் யாரோ ஓட்டும் பஸ்ஸுக்கு நேரம் குறித்துவிட்டு வீட்டுக்கு வந்து சோர்ந்து விழுவாள். அடுப்புப் பக்கம் போகாதே என்று சொல்லி, வேலையிலிருந்து வந்ததும் நானே சமைத்தேன். எனக்குச் சமைக்கத் தெரியும். பிசையவும் தெரியும்.

பிசைவது எங்கள் வீட்டு வழக்கம். கல்யாணமான புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தொடங்கியது. பெரிய சட்டியில் சோற்றைக் கொட்டி, குழம்போ தயிரோ ஊற்றி, நான் கையால் பிசைந்து உருண்டை பிடித்து ஆளுக்கொன்றாக உள்ளங்கையில் வைப்பேன். மூவரும் தரையில் உட்காருவோம். என் மனைவி உருண்டையில் கட்டைவிரலால் குழி பறித்து அதில் ஊறுகாய் வைத்துக்கொள்வாள். மகள் வளர்ந்த பிறகு கரண்டி கேட்டாள். நான் திட்டினேன். கைச்சோற்று ருசி கரண்டியில் வருமா? இந்த வழக்கம் ஞாயிற்றுக்கிழமையில் மட்டும் இருந்தது. அவளுக்கு உடம்பு முடியாமல் போனதிலிருந்து தினமும் ஆனது. அவள் சோர்ந்து உட்கார்ந்திருக்கும்போது, உருண்டையை உள்ளங்கையில் வைத்தால் இன்னும் இரண்டு உருண்டை கூடச் சாப்பிட்டாள். அதைப் பார்த்து எனக்குப் பெருமை வேறு.

அவளுக்கு என் கையைப் பற்றி ஒரே குறை இருந்தது. நான் சோப்புத் தொடமாட்டேன். லிஃப்ட் கிரீஸைப் போக்க வேலையிடத்தில் ஒரு பசை கொடுப்பார்கள், அது தோலையே உரித்துவிடும். விரல் இடுக்கெல்லாம் வெடிப்பு. வீட்டுக்கு வந்து சோப்புப் போட்டால் நெருப்பு மாதிரி எரியும். அதனால் கழிப்பறைக்குப் போய்வந்தாலும் தண்ணீர்தான். ஆனால் வேறு சுத்தம் எல்லாம் பார்ப்பேன். வெளியே மாமிசம் சாப்பிட்டால் வாயைக் கொப்பளிக்காமல் வீட்டுப்படி ஏற மாட்டேன். குளிக்காமல் சாமி அறைப் பக்கம் போக மாட்டேன். எங்கள் கல்யாணப் பேச்சிலேயே அவள் வீட்டார் கேட்டுக்கொண்டது அது. அந்த வாக்கை நான் ஒரு நாளும் மீறியதில்லை.

வெளியே நான் சாப்பிடுவது ஆடு, கோழி என்றுதான் அவளிடம் சொல்லியிருந்தேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் கம்பெனி என்னை அண்டை நாட்டுத் தீவொன்றுக்கு மூன்று மாதம் அனுப்பியது, புது ஹோட்டலுக்கு லிஃப்ட் பொருத்த. அங்கே கூட வேலை செய்தவர்கள் வார இறுதியில் பன்றியைத் தீயில் வாட்டுவார்கள். நானும் தின்றேன். வெளியே கருகி, உள்ளே சிவப்பாக இருக்கும். அருமையான ருசி. வீட்டுக்குத் தொலைபேசியில் "கோழிதான், வேற என்ன கிடைக்குது இங்க" என்றேன். அது ஒரு சின்னப் பொய், அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

கடைசியில் மகள்தான் என்னை மடக்கினாள். அடுத்த முறை டாக்டரைப் பார்க்கப் போவதற்குப் பத்து நாள் இருந்தது.

"அப்பா, நீங்க மட்டும் இன்னும் குடுக்கல. டாக்டர் கேட்டா நான் என்ன சொல்றது? அம்மா பஸ் ஓட்டணும்னு உங்களுக்கு ஆசை இல்லையா?"

அந்தக் கேள்வியில் கோபம் வந்து மூன்று டப்பாவையும் அந்த வாரத்திலேயே கொடுத்து முடித்தேன்.

திங்கட்கிழமை பகல் பதினொரு மணிக்கு ஃபோன் வந்தது. நான் ஆங் மோ கியோவில் ஒரு புளோக்கின் மேல்மாடி இயந்திர அறையில் இருந்தேன். அதே தமிழ் நர்ஸ்.

"அங்கிள், உங்க சாம்பிள்ல முட்டை இருக்கு."

நான் கேட்ட முதல் கேள்வி, "லேப்ல மாத்திட்டாங்களா?" என்பதுதான். மாற்றவில்லை என்றார். இரண்டு டப்பாவில் இருக்கிறது என்றார். வெள்ளிக்கிழமை வந்தால் மாத்திரை கொடுப்பார்கள், அதோடு புழு போய்விடும், பயப்பட ஒன்றுமில்லை என்றார். பிறகு குரலை மாற்றிக்கொண்டு, "வீட்ல இன்னிக்கே சொல்லிடுங்க அங்கிள். மாத்திரை போட்டு, கிளியர்னு நாங்க சொல்ற வரைக்கும் சமைக்காதீங்க. யாருக்கும் கையால எடுத்துக் குடுக்காதீங்க. டாய்லெட் போனா சோப்பு போட்டு நல்லாத் தேய்ச்சுக் கழுவுங்க. நகத்தை ஒட்ட வெட்டிடுங்க" என்றார்.

"சரிம்மா" என்றேன்.

அங்கேயே இயந்திரத்தின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். யார் மீது கோபப்படுவது என்று தேடினேன். நிஜமாகவே தேடினேன். தீவில் பன்றி வாட்டியவன் மீது, அனுப்பிய கம்பெனி மீது, கட்டி என்று சொல்லச் சொன்ன அக்கா மீது, முதல் நாளே என்னை உட்கார வைத்து "நீதான்" என்று சொல்லாத டாக்டர் மீது. ஒவ்வொருவராக எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தேன். ஒன்றும் ஒட்டவில்லை.

சாயங்காலம் வீட்டுக்குப் போனேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். அவள் சோபாவில் சாய்ந்திருந்தாள். உப்பிய முகத்தில் சிரித்துக்கொண்டே, "இன்னிக்கு மேலதிகாரி சொன்னாரு, என்னோட லாக்கரை யாருக்கும் குடுக்கலயாம். திரும்பி வருவேன்னு வச்சிருக்காராம்" என்றாள். பிறகு, "என்ன சமைக்கப் போறீங்க? பசிக்குது" என்றாள்.

நான் சமைக்கவில்லை என்றால் ஏன் என்று கேட்பாள். கேட்டால் சொல்ல வேண்டும். சொன்னால் தீவையும் சொல்ல வேண்டும், ஃபோனில் சொன்ன பொய்யையும், உணவகத்தில் கத்தியதையும், ஜன்னலில் மூன்று வாரம் சும்மா நின்ற டப்பாவையும். எல்லாவற்றையும் சேர்த்து எப்படிச் சொல்வது? நாளைக்குச் சொல்லலாம் என்று அடுப்பைப் பற்றவைத்தேன். சோப்புப் போட்டுக் கை கழுவினேன். ஒருமுறை இல்லை, ஐந்து முறை. எரிச்சலில் கண்ணில் தண்ணீர் வந்தது. நகத்தை ரத்தம் வரும்வரை வெட்டியிருந்தேன். இவ்வளவு செய்தால் போதும் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். பிசையாமல் கரண்டியால் போட்டேன். "என்னங்க, இன்னிக்கு உருண்டை இல்லையா?" என்று கையை நீட்டினாள். நான் பிசைந்தேன்.

செவ்வாய், புதன், வியாழன், மூன்று நாளும் அதே கதை.

வெள்ளிக்கிழமை காலை ஆஸ்பத்திரியில் மாத்திரையைக் கொடுத்து, நர்ஸ் முன்னாலேயே விழுங்கச் சொன்னார்கள். விழுங்கினேன். "ஆன்ட்டி என்ன சொன்னாங்க?" என்று கேட்டார் அந்தப் பெண். நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், இல்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம். அவருக்குப் புரிந்துவிட்டது.

"அங்கிள், நீங்க சொல்லலன்னா டாக்டர் அடுத்த அப்பாயின்ட்மென்ட்ல பேச வேண்டியிருக்கும். ஆன்ட்டிக்குப் புதுசா முட்டை உள்ள போயிருந்தா, டாக்டருக்கு அது தெரிஞ்சாகணும். இப்ப ஒழுங்காப் போயிட்டிருக்கிற டிரீட்மென்ட் அது. திரும்ப முதல்லேர்ந்து ஆரம்பிக்கிற மாதிரி ஆயிடும்."

அங்கிருந்து நேராக புக்கிட் பாஞ்சாங் போனேன். அவளுடைய மதிய உணவு இடைவேளை. இன்டர்சேஞ்ச் ஓரத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். ஒரு பஸ் வெளியே திரும்பிக்கொண்டிருந்தது. "லேட்டா வளைக்கிறான் பாருங்க, பின்சக்கரம் நடைபாதைத் திண்டுல ஏறப்போகுது" என்றாள். ஏறவில்லை, மயிரிழையில் தப்பியது. "புதுப் பையன். கத்துக்குவான்" என்றாள்.

நான் சொன்னேன். அவள் முகத்தைப் பார்க்காமல், பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். தீவைச் சொன்னேன், பன்றியைச் சொன்னேன். புழு என்னிடமிருந்துதான் வந்திருக்கிறது, இன்று மாத்திரை போட்டுவிட்டேன் என்றேன். உணவகத்தில் போய்க் கத்தியதையும் சொன்னேன்.

 திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். பன்றி தின்றதற்குத் திட்டுவாள், பொய் சொன்னதற்குத் திட்டுவாள், நானும் குனிந்து வாங்கிக்கொள்ளலாம் என்றிருந்தேன்.

"அப்ப உங்களுக்குத் தெரியாது. தெரியாம நடந்ததுக்கு என்ன பண்றது?" என்றாள். எனக்கு மூச்சு வந்தது. உடனே அடுத்த கேள்வி வந்தது. "உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"திங்கக்கிழமை."

அவள் என் பக்கம் திரும்பினாள்.

"திங்கக்கிழமை சாம்பார் சாதம். செவ்வாக்கிழமை தயிர் சாதம், மாதுளை போட்டது. புதன்கிழமை புளிக்குழம்பு. நேத்து மறுபடி தயிர்." விரலை மடக்கவில்லை, குரலும் உயரவில்லை. "சமைக்கக் கூடாதுன்னு அவங்க சொல்லலையா?"

"சொன்னாங்க."

"பாப்பா கையிலயும் வச்சீங்க."

"சோப்பு போட்டுத்தான்..."

"எனக்கு அந்த டிரைவர் சீட்டு வேணும்னு உங்களுக்குத் தெரியும்லங்க?"

 எதிரே ஒரு பஸ் கதவைத் திறந்து காத்திருந்தது. அவளுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து அலுவலகத்துக்குள் போனாள்.

டாக்டர் மறுபடி எல்லோருக்கும் ரத்தம் எடுத்தார், மகளுக்கும் ஸ்கேன் எடுத்தார். மகளுக்கு ஒன்றும் இல்லை. என் மனைவியின் பழைய வட்டம் சுருங்கியிருக்கிறது. ஆனால் அந்த நாலு நாளில் புதிதாக ஏதாவது போயிருந்தால் இப்போது தெரியாதாம். மாதக்கணக்கில், சிலருக்கு வருஷக்கணக்கில் பொறுத்துத்தான் தெரியுமாம். அதுவரை உரிமத்தைப் பற்றிப் பேச வேண்டாம் என்று சொல்லிவிட்டார். முன்பு 'பேசலாம்' என்றவர்தான். அவள் மறுநாள் போய் லாக்கரைக் காலி செய்து, கையுறையையும் வெயில் கண்ணாடியையும் ஒரு பிளாஸ்டிக் பையில் வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

எனக்குப் புழு போய்விட்டது. எழுதியே கொடுத்துவிட்டார்கள். நான் சமைக்கலாம், தடையில்லை. அந்தக் காகிதத்தைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டி வைத்தேன். அன்று சாயங்காலம் அவள் ஒரு கையால் அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு, தலை சுற்றச் சுற்ற, மறு கையால் குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தாள். நான் சோப்புப் போட்டுக் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு உதவிக்குப் போனேன். அவள் திரும்பிப் பார்க்காமலே கரண்டியை என் பக்கம் நீட்டினாள்.

"அங்கேயே நில்லுங்க."